பத்தில் ஒன்று

ஜூன் 1, ஞாயிறு

பூங்கொடி டீச்சருக்கு வணக்கம். முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நோட்டில் கோடு நேராகத்தான் போட்டிருக்கிறது. என் கைதான் அதில் நிற்க மாட்டேன் என்கிறது. 'ஞா' எழுதி மூன்று முறை அழித்ததில் தாள் கிழிந்துவிட்டது. பின்பக்கம் காகிதம் ஒட்டியிருக்கிறேன். இந்த ஐந்தாறு வரிகளுக்கே அரை மணி நேரம் ஆகிவிட்டது.

முதியோர் வகுப்பு முடிந்தாலும் வாரம் ஒரு பக்கம் எழுத வேண்டும், நாள் போட்டு எழுத வேண்டும் என்று சொன்னீர்கள். எழுதுகிறேன். என் பெயர் சென்னியப்பன். வயது எழுபத்தொன்று. ஈரோடு சூரம்பட்டியில் வீடு. நாற்பத்தைந்து வருஷம் மாட்டுத் தரகு பார்த்தேன். மனைவி வேலாத்தாள். ஒரே பெண் சுகந்தி. அவளைப் பெருந்துறையில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை மோகனசுந்தரம் அங்கே செல்போன் கடை வைத்திருக்கிறார்.

இதை எழுதியது நான்தானா என்று ஒருமுறை படித்துப் பார்த்தேன். நான்தான்.

ஜூன் 8, ஞாயிறு

டீக்கடையில் பேப்பர் படித்தேன். முன்பெல்லாம் படம் பார்த்துவிட்டுக் கொடுத்துவிடுவேன். இன்று ஒரு பக்கம் முழுவதும் படித்தேன். இரண்டு டீ ஆனது. கிரிப்டோ என்று ஒன்றைப் பற்றி எழுதியிருந்தார்கள். பணம் முழுவதையும் ஒரே இடத்தில் வைக்காமல் பல இடத்தில் பிரித்து வைக்கிறவர்கள், அதில் ஒரு சின்னப் பங்கை இதிலும் வைக்கிறார்கள் என்று இருந்தது.

பிரித்து வைப்பது எனக்குப் புதிது இல்லை. டிராக்டர் பெருகி உழவு மாட்டின் விலை விழுந்த வருஷம், காளை மட்டுமே வைத்திருந்த தரகர்கள் படுத்துவிட்டார்கள். நான் ஆடும் எருமையும் சேர்த்து வைத்திருந்தேன். அவை சோறு போட்டன.

சித்தோடு மனை விற்ற பணம் பத்து லட்சம் பேங்கில் அப்படியே கிடக்கிறது. அதைப் பத்துப் பங்காக்கினேன். ஐந்து பேங்க் டெபாசிட். இரண்டு தபால் ஆபீஸ். இரண்டு தங்கக் காசு. கடைசி ஒன்று இந்தக் கிரிப்டோ.

மாலையில் மாப்பிள்ளை வந்தார். அவரிடம் சொன்னேன். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"மாமா, நீங்க இதக் கேப்பீங்கன்னு நான் கனவுலயும் நெனைக்கலீங்க. ஒண்ணு எதுக்கு, பத்தையும் போடுங்க. ரண்டு வருஷத்துல பாருங்க."

"மாப்ள, எனக்கு எழுவத்தொண்ணு. ஒத்தக் கால்ல நிக்கற வயசில்லீங்க."

அவர் சிரித்தார். பத்தில் ஒன்று, அதற்கு மேல் இல்லை என்று மறுபடி சொன்னேன்.

ஜூன் 11, புதன்

பேங்கில் கையெழுத்துப் போட்டேன். கைநாட்டு வைக்க மைப்பெட்டியை என் பக்கம் நகர்த்திய பேங்க் அம்மாவிடம் பேனா கேட்டு வாங்கினேன்.

ஜூன் 22, ஞாயிறு

வாங்கியாகிவிட்டது. மாப்பிள்ளை என் போனில் ஆப் போட்டுக் கொடுத்தார். ஆதார், பான் கார்டு எல்லாம் கேட்டது. பிறகு என் முகத்தைக் காட்டச் சொன்னது. இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு, கண்ணைச் சிமிட்டு என்றது. நாற்பத்தைந்து வருஷம் நான் மாட்டுக்குச் செய்ததை எல்லாம் போன் எனக்குச் செய்தது. வாயைத் திறந்து பல்லைக் காட்டச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஒரு லட்சத்துக்குப் பிட்காயின். ஒரு முழுக் காயின் கூட இல்லை, அதில் ஒரு துணுக்குத்தான் வந்திருக்கிறது.

வேலாத்தாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, இத எங்கீங்க வெக்கறது? பீரோவுலயா?"

"எங்கயும் வெக்க வேண்டியதில்ல புள்ள. கணக்கா இருக்கும்."

"பால் கறக்குமா, சாணி போடுமா?"

"ரண்டும் இல்ல. ஆனா தீனி கேக்காது."

"அப்ப உங்களவிட மேலுங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

அது எப்படி இருக்கிறது என்று மாப்பிள்ளை விளக்கினார். உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான பேரிடம் ஒரே நோட்டு இருக்கிறதாம். யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்று எல்லா நோட்டிலும் ஒரே மாதிரி எழுதியிருக்குமாம். ஒருவர் தன் நோட்டில் மட்டும் அழித்து எழுதினால் மற்ற நோட்டுகள் காட்டிக்கொடுத்துவிடுமாம். எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எழுத்துப் படிக்காமல் இருந்திருந்தால் இது எனக்குப் புரிந்திருக்காது.

ஜூலை 13, ஞாயிறு

ஒரு லட்சம் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ஆகியிருக்கிறது. மூன்றே வாரம்.

மாப்பிள்ளை காலையிலேயே பைக்கில் வந்துவிட்டார். டெபாசிட்டை உடைத்து இன்னும் போடலாம் என்றார். நான் முப்பத்தாறாயிரத்துக்கு விற்கச் சொன்னேன்.

"ஏறுறப்ப யாராவது விப்பாங்களா மாமா?"

"பத்து லட்சத்து நாப்பதுல பத்துல ஒண்ணு எவ்வளவு?"

அவர் போனில் கணக்குப் போட்டார். எழுத்துத்தான் எனக்குப் புதிது. கணக்கு அப்படி இல்லை.

"லட்சத்து நாலாயிரமுங்க."

"மேல இருக்கறத வித்துப்போடுங்க. ஆடு குட்டி போட்டுப் பட்டி நெறஞ்சா, நெறஞ்சது சந்தைக்குப் போகோணும். இல்லீன்னா இருக்கற சொத்துப் பூராவும் ஆடாப் போயிரும்."

இலாபத்தில் நூற்றுக்கு முப்பது வரி என்றும் சொல்லிப் பார்த்தார். வருகிறபோது கட்டுகிறேன் என்றேன். அந்தப் பணத்துக்குத் தங்கக் காசு வாங்கினேன்.

அவருக்கு மனமில்லை. போகும்போது வேலாத்தாள் கொடுத்த முறுக்கை எடுத்துக்கொள்ள மறந்துவிட்டார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

விலை விழுந்துவிட்டது. என்னுடைய லட்சத்து நாலாயிரம் எழுபதாயிரமாக நிற்கிறது. டீக்கடையில் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

எழுந்ததும் பேங்கிலிருந்து முப்பதாயிரம் எடுத்து மறுபடி வாங்கினேன். பங்கு குறைந்தால் நிரப்ப வேண்டும். இந்த முறை பட்டனை நானே அழுத்தினேன்.

டீச்சர், என் தொழிலில் நான் கற்றதை இந்த நோட்டில் எழுதி வைக்க ஆசை. நாளைக்கு யாராவது படிக்கலாம். பெரிய எழுத்தில் எழுதுகிறேன்.

விலை விழும்போது பயப்படக் கூடாது. எல்லாரும் விற்றுவிட்டு ஓடும்போது வாங்குகிறவன்தான் வியாபாரி. சந்தையில் மழை பெய்து கூட்டம் கலைகிற நேரத்தில்தான் நல்ல மாடு நல்ல விலைக்கு வரும்.

இன்னும் இரண்டு வரி இருக்கிறது. பக்கமும் முடிகிறது, கட்டைவிரலும் மரத்துவிட்டது. அது அடுத்த வாரத்துக்கு.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இன்று என் வாழ்க்கையில் ஒரு நல்ல நாள். அதைச் சொல்லிவிடுகிறேன்.

மாப்பிள்ளையும் சுகந்தியும் வந்திருந்தார்கள். நோட்டு டிவி மேல் இருந்தது. மாப்பிள்ளை எடுத்துப் புரட்டினார். போன வாரம் பெரிய எழுத்தில் எழுதியதைச் சத்தமாகப் படித்தார். ஒரு இடத்தில் கூடத் திக்கவில்லை. அப்படியென்றால் என் எழுத்தைப் பிறர் படிக்க முடிகிறது.

"மாமா, இது அச்சுல போட வேண்டியதுங்க" என்றார். போனை எடுத்து அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துக்கொண்டார். "கடைல ஒட்டி வெக்கறேன்."

"ஒட்டுனா எம்பேரையும் போடுங்க மாப்ள."

"போடாமயா."

நீங்கள் திருத்துவதற்காகப் படித்தீர்கள், டீச்சர். விருப்பப்பட்டு ஒருவர் என் எழுத்தைப் படித்தது இதுதான் முதல் தடவை. எனக்கு வேறு எதுவும் எழுத ஓடவில்லை. வேலாத்தாள் கோழிக்குழம்பு வைத்தாள்.

ஆகஸ்ட் 16, சனி

செவ்வாய்க்கிழமை விலை தலைகுப்புற விழுந்தது. இன்று பழைய இடத்துக்கே வந்து நிற்கிறது. நடுவில் நான் போனைத் தொடவே இல்லை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

மாப்பிள்ளைக்கு இரண்டு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. கடையில் கூட்டமாக இருக்கும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மாப்பிள்ளை பஸ்ஸில் வந்தார். பைக்கை சர்வீஸுக்கு விட்டிருக்கிறாராம். இளைத்திருக்கிறார். சீசனில் கடைவேலை அதிகம் என்றார்.

சுகந்தி கழுத்தில் மஞ்சள் கயிறு போட்டிருந்தாள். வேலாத்தாள் உடனே கேட்டாள்.

"தாலிக்கொடி எங்க சாமி?"

"கொக்கி விட்டுப் போச்சும்மா. பத்த வெக்கக் குடுத்திருக்குது."

சரி என்றாள் வேலாத்தாள். பத்தவைக்கிற வேலை ஒரு நாள் வேலை. ஆசாரிக்கு என்ன அவசர வேலையோ.

மூன்று நாளாக மழை. கொத்தமல்லி விதைத்தேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பைக் இன்னும் வரவில்லை. கொடியும் வரவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

வெள்ளிக்கிழமை மூட்டுவலி மருந்து வாங்கப் பெருந்துறை போனேன். ஈரோட்டிலும் அந்த மருந்து கிடைக்கும். மாப்பிள்ளை கடையில் ஒரு ஷட்டர்தான் திறந்திருந்தது. கண்ணாடிப் பெட்டியில் முன்பு வரிசையாகப் புதுப் போன்கள் இருக்கும். இப்போது கவரும் சார்ஜரும் தொங்குகின்றன. சுவரில் என் எழுத்தைப் பெரிதாக்கி ஒட்டியிருந்தார். கீழே என் பெயரும் இருந்தது.

அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். விலை விழும்போது பயப்படக் கூடாது. வாங்குகிறவன்தான் வியாபாரி. எழுத்து நன்றாகத்தான் வந்திருக்கிறது. அதற்குக் கீழே வர வேண்டிய இரண்டு வரி இல்லை.

அந்த இரண்டு வரி இதுதான், டீச்சர். பத்தில் ஒன்றைத் தாண்டி வாங்காதே. கடன் வாங்கி வாங்காதே.

முதல் வரியை மாப்பிள்ளையிடம் வாயால் பலமுறை சொல்லியிருக்கிறேன். இரண்டாவதைச் சொல்லவே இல்லை. அது யாருக்கும் தெரியும் என்று விட்டுவிட்டேன். எழுதவும் இல்லை. அடுத்த வாரத்துக்கு என்று வைத்தேன். அடுத்த வாரம் என்னைப் படித்தார்கள் என்ற சந்தோஷத்தில் கோழிக்குழம்பைப் பற்றி எழுதினேன்.

எட்டடி தூரத்தில் ஒரு மாடு நடந்து வந்தால் எந்தக் காலில் நோவு என்று சொல்லுவேன். பைக்கையும் கொடியையும் பார்த்துவிட்டு மழையைப் பற்றி எழுதியிருக்கிறேன்.

மாப்பிள்ளை டீ வாங்கிக் கொடுத்தார். வியாபாரம் எப்படி என்றேன். பரவாயில்லை என்றார். நான் மேலே கேட்கவில்லை. மாமனார் கேட்டு மருமகன் சொல்லுகிற விஷயம் இல்லை இது. ஆனால் தெரியாமல் விட்டால் அடுத்து வீடு போகும், அவர் சுகந்தி முகத்தைப் பார்க்க முடியாமல் எங்காவது போய்விடுவார். அப்படிப் போனவர்களைச் சந்தையில் பார்த்திருக்கிறேன்.

"வியாழக்கெழம சந்தைக்கு வாங்க மாப்ள. உங்க அத்தைக்கு ஒரு எருமை வேணுமாம். எனக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்ல."

என் கண்ணில் ஒரு குறையும் இல்லை.

செப்டம்பர் 11, வியாழன்

கருங்கல்பாளையம் சந்தை. காலை ஆறு மணிக்கே போய்விட்டோம். நல்ல வரத்து. கன்றோடு ஒரு முர்ரா எருமை பிடித்திருந்தது. விற்பவர் பவானிக்காரர். அவர் தரப்புத் தரகர் எனக்குப் பழக்கம்.

எங்கள் சந்தையில் விலையை வாயால் பேச மாட்டோம். சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியக் கூடாது. கைமேல் துண்டைப் போட்டுக்கொண்டு அடியில் விரலைப் பிடிப்போம். ஒரு விரல் பிடித்தால் ஒன்று. முழுக் கையைப் பிடித்தால் ஐந்து. ஆயிரமா, பத்தாயிரமா என்பது எந்த உருப்படி என்பதில் தெரிந்துவிடும். மேலே நின்று சிரித்துக்கொண்டு மழையைப் பற்றியும் மருமகளைப் பற்றியும் பேசுவோம். அடியில் விரல்கள் சண்டை போடும். யாரும் யாரையும் தலைகுனிய வைக்க வேண்டியதில்லை. ஒத்துவராவிட்டால் துண்டை எடுத்துவிடுவோம். அங்கே என்ன பேசினோம் என்பது இரண்டு பேரைத் தவிர எவருக்கும் தெரியாது.

எருமை படியவில்லை. நான் படிய விடவில்லை. மாப்பிள்ளை அருகில் நின்று வேடிக்கை பார்த்தார்.

"என்ன வெலைங்க சொன்னாரு?"

"அதச் சொல்லக் கூடாதுங்க. நீங்களும் ஒருக்கா புடிச்சுப் பாருங்க, பழக வேண்டாமா" என்று துண்டை எங்கள் இரண்டு பேர் கைமேலும் போட்டேன்.

அவர் சிரித்தார். "என்ன உருப்படிக்குங்க மாமா?"

"ஆப்ல போனது."

அவர் சிரிப்பு நின்றது. கையை இழுத்துக்கொள்ளவில்லை. நான் அவர் முகத்தைப் பார்க்காமல் எதிரில் கட்டியிருந்த காங்கேயம் காளையைப் பார்த்தபடி பேசினேன்.

"அந்தக் கொம்பப் பாருங்க மாப்ள. ரண்டும் ஒரே அளவு. இந்த மாதிரி அமையறது கஷ்டம்."

"ஆமாங்க" என்றார்.

"லட்சத்துல சொல்லுங்க. வாயால வேண்டாம்."

அவர் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்தார். முழுக் கையையும் பிடித்தார். அவ்வளவுதான் என்று நினைத்தேன். விட்டுவிட்டு மறுபடி இரண்டு விரல் பிடித்தார்.

ஏழு.

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். "வாங்க, கம்மங்கூழு குடிக்கலாம்" என்றேன். கூழ் வண்டிக்குப் பக்கத்தில் அவரே எல்லாவற்றையும் சொன்னார். ஐந்து லட்சம் கடன். இரண்டு லட்சம் கடையின் முதல் பணம். ஒரு ரூபாய் வைத்தால் பத்து ரூபாய்க்கு வாங்க விடுகிற ஒரு வழி அந்த ஆப்பில் இருக்கிறது. ஏறினால் பத்து மடங்கு. ஆனால் விலை பத்தில் ஒரு பங்கு இறங்கினாலே வைத்தது முழுவதும் போய்விடும். ஆகஸ்டில் விலை தலைகுப்புற விழுந்த அந்தச் செவ்வாய்க்கிழமை போய்விட்டது. அந்தச் சனிக்கிழமை விலை திரும்பி வந்தபோது அவரிடம் ஒன்றும் இல்லை.

"நீங்க எழுதுனதத்தான் மாமா செஞ்சேன்" என்றார். குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. அதுதான் எனக்கு வலித்தது.

"நான் எழுதுனது பாதி. மீதிய எழுதாதது என்ற தப்பு. கடன் வாங்குனது உங்க தப்பு. ரண்டு பேரும் பங்கு போட்டுக்கலாம்."

"சுகந்திக்கு எவ்வளவுன்னு தெரியாதுங்க. நகைய அடகு வெச்சது மட்டும் தெரியும்."

"அவளுக்குத் துண்டு போட்டுச் சொல்லக் கூடாது மாப்ள. ஞாயித்துக்கெழம வந்து வாயால சொல்லுங்க."

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்ததும் வேலாத்தாள் கேட்டாள். "எருமை எங்கீங்க?"

"படியல."

"ரண்டு பேரு போயி ஒரு எருமைய முடிக்க முடியல. இவரு பிட்டுக்காயின் யாவாரி."

செப்டம்பர் 14, ஞாயிறு

காலையில் வேலாத்தாளிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "பத்தையும் குடுத்துப்போடலாமுங்க, புள்ள கழுத்து வெறுமையா இருக்குது" என்றாள். கூடாது என்றேன். பத்தையும் கொடுத்தால் நாளைக்கு எங்கள் இரண்டு பேரையும் அவர்கள்தான் சுமக்க வேண்டும், அது இன்னொரு கடன். அவள் சண்டை போட்டாள். பிறகு ஒத்துக்கொண்டாள்.

முடிவு இதுதான். வட்டி வேகமாக ஓடுகிற கடனில் மூன்று லட்சத்தை நான் அடைக்கிறேன். பேங்கிலிருந்து இரண்டு, தங்கத்தில் ஒன்று. மீதி இரண்டை மாப்பிள்ளை கடையிலிருந்து மூன்று வருஷத்தில் அடைக்க வேண்டும்.

வேலாத்தாளுக்கு அந்தப் பிட்காயினையும் மொத்தமாகத் தலைமுழுக வேண்டும். "அதனாலதான இத்தனையும்" என்றாள். மாட்டின் மேல் குற்றம் இல்லை, சக்திக்கு மேல் பாரம் ஏற்றினவர்கள் மேல்தான் குற்றம் என்றேன். ஆனால் என் பத்து இப்போது ஏழாகிவிட்டது. ஏழில் பத்தில் ஒன்று எழுபதாயிரம். என்னிடம் ஒரு லட்சத்துக்கு இருக்கிறது. அதனால் முப்பதாயிரத்துக்கு விற்றுவிட்டேன். அது தபால் ஆபீசுக்குப் போகும். எழுபது அப்படியே இருக்கும். ஏறினால் விற்பேன், இறங்கினால் நிரப்புவேன்.

பதினோரு மணிக்கு மாப்பிள்ளையும் சுகந்தியும் வந்தார்கள். மாப்பிள்ளை சட்டையை மடித்து உள்ளே விட்டு, கல்யாணத்துக்கு வருகிறவர் போல வந்திருந்தார். நான் கொத்தமல்லிக்குத் தண்ணீர் விடப் போகிறேன் என்று பின்பக்கம் வந்துவிட்டேன். வேலாத்தாளும் என் பின்னாலேயே வந்துவிட்டாள். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. அதை மூட வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

உள்ளே நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு மாப்பிள்ளை சொன்னார்.

"ஏழு லட்சம் சுகந்தி. அஞ்சு கடன். ரண்டு கடை மொதலு."

வேலாத்தாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வாளி வழிந்துகொண்டிருந்தது.

"ஏழா?" என்றாள் சுகந்தி.

"ஏழு."

"நான் எட்டுன்னு நெனச்சிருந்தேன்."

அப்புறம் அவள் அழுதாள். மாப்பிள்ளையும் அழுதார். ஆனால் அந்த ஒரு லட்சம் அவர்களுக்கு எங்கிருந்தோ கிடைத்ததுபோல எனக்குத் தோன்றியது. ஒரு மாதமாக அவள் எட்டைச் சுமந்துகொண்டு, ஒன்றும் கேட்காமல், சோறு வடித்திருக்கிறாள். என் பெண்ணை நான் இவ்வளவு நாள் சரியாக எடை போடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவள் குரல் வந்தது. "எந்த எந்த ஆளுக்கு எவ்வளவு, என்ன வட்டி, வரிசையாச் சொல்லுங்க. அப்பா, ஜன்னல்ல நிக்காம உள்ள வாங்க. பேனாவையும் எடுத்துட்டு வாங்க."

எடுத்துக்கொண்டு போனேன். வேலாத்தாள் தண்ணீரை நிறுத்தினாள்.

நாளை நாலு பேரும் பைனான்ஸ் ஆபீசுக்குப் போகிறோம். வட்டியைக் குறைத்துக் கேட்க வேண்டும். நான் பேசுகிறேன் என்றேன், நாற்பத்தைந்து வருஷம் பேரம் பேசியவன். "நீங்க உக்காந்து பாருங்கப்பா, நான் பேசறேன்" என்று சுகந்தி சொல்லிவிட்டாள். அவள் எவ்வளவுக்குப் படிய வைத்தாள் என்பதை அடுத்த ஞாயிறு முழுவதுமாக எழுதுகிறேன், டீச்சர். இந்த நோட்டில் ஒரே ஒரு பக்கம்தான் மிச்சம். அதனால் புது நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.